இருபத்து நான்கு தப்படி

நதியாவிடம் இருந்தது ஒரே ஒரு லென்ஸ்தான். அதற்காக அவள் வாங்கிய கேலியை மூட்டை கட்டினால் ஒரு ஜீப்பு பத்தாது. திருப்பத்தூரில் ஸ்டுடியோ வைத்த நாளிலிருந்து எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் யாராவது ஒரு போட்டோக்காரன், "இன்னாம்மா, ஜூம் எங்க? வூட்ல மறந்து வெச்சுட்டியா?" என்று கேட்காமல் விட்டதில்லை. "என் ஜூம் கால்ல கீது, உனுக்குத்தான் தொப்ப மறைக்குது" என்று ஒருமுறை திருப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் முதுகுக்குப் பின்னால்தான் பேசினார்கள்.

கேமரா மீடியம் ஃபார்மட் டிஜிட்டல். சென்னையில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டபோது விற்றது. செங்கல் மாதிரி கனக்கும். படம் பதிகிற சில்லு மற்ற கேமராக்களில் இருப்பதைவிடப் பெரிது. எட்டடிக்கு அச்சுப் போட்டாலும் கடைசி வரிசையில் நிற்பவரின் மூக்குத்திக் கல்லை எண்ணலாம். அதோடு வந்தது அறுபத்து மூன்று எம்.எம். ஸ்டாண்டர்டு ப்ரைம் லென்ஸ். இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது. கண் பார்க்கிற அளவில்தான் பார்க்கும். முகம் பெரிதாக வேண்டுமா, நாம் கிட்டே போகணும். கூட்டம் அடங்க வேண்டுமா, நாம் பின்னால் நடக்கணும்.

காணும் பொங்கலன்று மூன்று மணி வெயிலில், கொண்டைப்பாறை என்ற மலையூரில் அவள் அப்படித்தான் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். எதிரே மாரியம்மன் கோயில் சுவரையொட்டி, மூன்று வரிசையாக அறுபத்தாறு பேர். மொத்த ஊரும் அவ்வளவுதான். எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவது தப்படியில் முள்கம்பி முதுகில் குத்தியது.

"இருபத்து நாலு வேணும். பத்துதான் கீது" என்றாள் எரிச்சலோடு.

கம்பிக்கு அந்தப் பக்கம்தான் களம். அறுத்த சாமையை ஊரே கொண்டுவந்து போட்டு மாடு கட்டி ஓட்டுகிற பொதுக் களம். அதற்குக் கீழே இருந்த புன்செய்க் காட்டை, விருந்தினர் விடுதி கட்டப்போவதாகப் படவேட்டுக்காரர் சக்கரவர்த்தி என்பவர் வாங்கினார். வாங்கினது காடு, வேலி போட்டதோ களத்தையும் சேர்த்து. ஊர் மனு கொடுத்தது. வைகாசியில் ஒரு அதிகாரி வந்து பார்த்தார். வைகாசியில் கொண்டைப்பாறையில் யார் இருப்பார்கள்? பாதிப்பேர் குடகில் காப்பித் தோட்டத்தில், மீதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனியில். அவர் எழுதிவிட்டுப் போனது ரெண்டே வரி: 'களம் பயன்பாட்டில் இல்லை. நிரந்தரமாக வசிப்போர் நான்கு பேர்.'

நான்கு பேராம்! அந்த வரியைப் படித்த அன்று நதியாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பிறந்த ஊர் இது. இங்கே நான்கு பேர்தான் என்றால் அவள் எங்கே பிறந்தாள், ஆகாயத்திலா?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மறு விசாரணை. அதற்குத்தான் இந்தப் படம். எட்டடி அகலத்தில் அச்சடித்து, ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு எண், எண்ணுக்கு ஒரு பெயர். பட்டியலை அவள் தம்பி வெற்றிச்செல்வன் எழுதி வைத்திருந்தான். நாளைக் காலையில் திருப்பூர்க்காரர்கள் வண்டி ஏறிவிடுவார்கள். எடுத்தால் இன்றைக்கு எடுக்கணும். இல்லையென்றால் களத்தை மறந்துவிட்டு, கோயில் பக்கத்தில் போராக அடுக்கிக் கிடந்த சாமையை எலிக்குக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

"ஏக்கா, போன்ல வைடு கீது இல்ல? அதுல எடுத்துத் தொலயேன்" என்றான் வெற்றி.

கேட்டதும் ஓரத்தில் நின்ற கன்னியம்மாள் பெரியம்மா சீறினாள். "வைடா? அய்யே, வாணாம்டா சாமி! உன் கல்யாணத்துல எவனோ ஒருத்தன் வைடு போட்டு எடுத்து, என் மூஞ்சி பலாப்பழமாட்டம் வந்து, ஊரே ஆறு மாசம் சிரிச்சுதே, மறந்துட்டியா?"

ஊர் மறுபடியும் சிரித்தது. நதியா சிரிக்கவில்லை. வைடு லென்ஸ் அப்படித்தான் செய்யும்: நடுவில் நிற்பவரை அழகாகக் காட்டும், ஓரத்தில் நிற்பவரை இழுத்துச் சப்பையாக்கும், பின்னால் இருப்பவரைக் கடுகாக்கும். ஓரத்தில் நிற்பது யார்? விதவைகள், வாழ வந்தவர்கள், முன்னால் தள்ளிக்கொண்டு வரத் தெரியாதவர்கள். இந்தப் படத்தில் ஒரு முகம் கோணினாலும் அதிகாரி, 'இது யாரென்று தெரியவில்லை' என்பார். அதற்கு இடம் கொடுக்க அவள் தயாரில்லை.

அந்த நேரம் பார்த்துச் சக்கரவர்த்தியின் ஜீப்பு வந்து வேலிக்கு உள்ளே நின்றது. வெள்ளை வேட்டி, கையில் போன். பின்னால் காவலாள் துரைக்கண்ணு, காக்கிச் சட்டை, தொப்பி, இடுப்பில் சாவிக்கொத்து. துரைக்கண்ணு இந்த ஊர்க்காரன்தான். இந்த வேலிக்குக் கல் நட்டவனும் கம்பி இழுத்தவனும் அவனேதான். அதனால் பட்டியலில் வெற்றி அவன் பெயரை எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

"இன்னாம்மா, எடம் பத்தலயா?" சக்கரவர்த்தி சிரித்தார். அவர் கெட்டவராகப் பேசமாட்டார். அதுதான் அவரிடம் பெரிய பேஜார். "பொங்கலும் அதுவுமா உங்கள வாட்டுவனா? உள்ள வா. எவ்ளோ நேரம் வேணும்னாலும் நின்னு எடுத்துக்கோ. துரை, அந்த நோட்ட குடு."

துரைக்கண்ணு கம்பிக்கு மேலாக ஒரு பதிவேட்டை நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே அச்சடித்திருந்தது: 'நில உரிமையாளர் அவர்களின் அனுமதியுடன் மேற்படி இடத்தினுள் நுழைகிறேன்.' கீழே பெயர், தேதி, கையெழுத்து.

நதியா ரெண்டு தடவை படித்தாள். திங்கட்கிழமை அவள் எட்டடிப் படத்தை விரித்தால், இந்த ஆள் அரையடி நோட்டை விரிப்பார். 'படம் எடுத்த பொண்ணே என் அனுமதி கேட்டுத்தான் உள்ள வந்துச்சு' என்பார். கதை அங்கேயே முடிந்துவிடும்.

"யக்கா, போட்டுத் தொல. வெயில் எறங்குது" என்று வெற்றி காதில் கிசுகிசுத்தான். அவன் சொன்னதும் உண்மைதான். இன்னும் முக்கால் மணியில் மலை நிழல் கோயில்மேல் விழுந்துவிடும். அறுபத்தாறு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையெழுத்துதானே என்று ஒரு நொடி மனசு சறுக்கியது. பொய் சொல்வானேன், சறுக்கத்தான் செய்தது.

பிறகு நோட்டை மூடிக் கம்பிக்கு மேலாகவே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க களத்துல நிக்கறதுக்கு நான் எதுக்கு சார் கையெழுத்து போடணும்? எங்கம்மா என்னப் பெத்த மூணாம் மாசம் இங்கதான் தூளி கட்டிப் போட்டுட்டு சாமை தூத்துனாங்க. அன்னிக்கு எந்த நோட்டுல கையெழுத்து போட்டாங்க?"

"அப்ப உள்ள கால் வெச்சா அத்துமீறல்தான். போலீசு வரும்."

"வரட்டும் சார். நான் உள்ள வரல."

அவர் புருவத்தைத் தூக்கினார். வெற்றி தலையில் கை வைத்துக்கொண்டான். நதியா ஊரைப் பார்த்துத் திரும்பினாள். இங்கேயிருந்து அங்கே இருபத்து நான்கு தப்படி என்றால், அங்கேயிருந்து இங்கேயும் அதே இருபத்து நான்குதானே? ஒருத்தி போனால் அத்துமீறல், ஊரே போய் நின்றால் அது ஊர்க் களம். இத்தனை நேரம் இது ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"எல்லாரும் கேளுங்க! நான் கோயில் படியில நிக்கறேன். நீங்க போங்க களத்துக்கு!"

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. முதலில் பாஞ்சாலை அத்தைக்குத்தான் புரிந்தது. அறுபது வயசு, இன்றைக்கும் புளியமரம் ஏறுகிறவள். ஒரு கவட்டைக் கொம்பை எடுத்துவந்து கீழ்க்கம்பியைத் தூக்கி நிறுத்தினாள். "கம்பிய எவனும் அறுக்காதீங்க, கேஸ் போட்டுருவான். குனிஞ்சு பூருங்க." பிறகு என்ன நினைத்தாளோ, சாமைப் போரைப் பார்த்தாள். "வெறுங்கையோட போனா வேடிக்க பாக்கப் போன மாதிரி ஆயிடும். ஆளுக்கு ஒரு கட்டு எடுங்கடா!"

அவ்வளவுதான். ஊர் குனிந்தது. சாமைக் கட்டு முதலில், ஆள் பின்னால். பனியன் கம்பெனிப் பையன்கள் புதுப் பேண்ட்டோடு மண்ணில் தவழ்ந்தார்கள். கைக்குழந்தையைக் கம்பிக்கு மேலாகக் கொடுத்து வாங்கினார்கள். சக்கரவர்த்தி முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "ஏய், இன்னா இது! துரை, மடக்குடா!" என்று கத்தினார். போனை ஆகாயத்துக்குத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கொண்டைப்பாறையில் எந்தக் காலத்தில் சிக்னல் கிடைத்தது? "இவங்கள இங்கயே நிறுத்தி வெய்யி, போன் போட்டுட்டு வர்றேன்" என்று துரைக்கண்ணுவிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி, கீழ் வளைவுக்குப் பறந்தார். துரைக்கண்ணு சாவிக்கொத்தைப் பிடித்தபடி, பக்கவாட்டு வேலியில் பூட்டிக் கிடந்த கேட்டுப் பக்கம் போனான். காவல் காக்கிறானாம் என்று நினைத்து நதியா பல்லைக் கடித்தாள்.

ஒரு ஆள் மட்டும் மிச்சம். கன்னியம்மாளுக்கு இடுப்புப் பிடிப்பு, குனிய முடியாது. கம்பி ஓரத்தில் கட்டோடு நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். "போங்க, போங்க. என்னை வுட்டுட்டு எடுங்க. ஒருத்தி கொறஞ்சா இன்னா?"

"ஒருத்தி கொறஞ்சாலும் எடுக்கமாட்டேன் பெரிம்மா. எதுனா வழி பண்ணு, ஜல்தி!" என்று கத்திவிட்டு நதியா கோயில் படிக்கு ஓடினாள்.

உச்சிப் படியில் கேமரா ஸ்டாண்டை முழுசாக உயர்த்தினாள். கம்பி படத்தில் விழத்தான் செய்யும். விழட்டும். ஆனால் ஒரு முகத்தின்மேலும் விழக்கூடாது. உயரத்திலிருந்து பார்த்தபோது கம்பி எல்லாருடைய முழங்காலுக்குக் கீழே ஓடியது. முகங்கள் தெளிவாக இருந்தன, கையில் சாமைக் கட்டுகள் இருந்தன. ஓரத்தில் ஒரு முகமும் சப்பையாகவில்லை. வலது கோடியில் கன்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எப்படி உள்ளே போனாள் என்று யோசிக்க நதியாவுக்கு நேரமில்லை. மலை நிழல் கோயில் சுவரைத் தொட்டுவிட்டது.

"மூச்சு வுடாதீங்க!"

ஒன்று. இன்னொன்று. எதற்கும் மூன்றாவது.

"இப்ப வுடுங்க!"

மூச்சோடு சேர்த்துக் கட்டுகளையும் விட்டார்கள். பாஞ்சாலை அத்தை தன் கட்டை அங்கேயே அவிழ்த்துக் களத்தில் அடிக்கத் தொடங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அடித்தார்கள். போலீஸ் வருவதற்குள் அடித்த வரைக்கும் லாபம் என்று யாரோ கத்த, தூசிக்கு நடுவே சிரிப்பு எழுந்தது.

நதியா படியிலேயே உட்கார்ந்து திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். முகம் முகமாக நகர்த்தி எண்ணினாள். கண் மூடியவர் யாருமில்லை. அறுபத்து நாலு, அறுபத்தைந்து, அறுபத்தாறு. அறுபத்தேழு.

தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். அறுபத்தேழுதான்.

வலது கோடிக்கு நகர்த்தி இன்னும் பெரிதாக்கினாள். கன்னியம்மாளுக்குப் பின்னால், அவள் கட்டையும் சேர்த்து இரண்டு கட்டுகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு காக்கிச் சட்டை நின்றது. தலையில் தொப்பி இல்லை. அவன் கண் நேராக லென்ஸைப் பார்த்தது. அதற்கும் பின்னால், கேட்டு அகலத் திறந்து கிடந்தது.

இத்தனை நாள் அவனைத் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்து நதியாவுக்கு வெட்கமாக இருந்தது. பட்டியலையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, திறந்து கிடந்த கேட்டு வழியாகவே களத்துக்குள் நடந்தாள். துரைக்கண்ணு ஒரு மூலையில் குனிந்து சாமை அடித்துக்கொண்டிருந்தான்.

"துரைண்ணா, படத்துல நீ வுழுந்துட்ட. திங்கக்கெழம அவரு பாப்பாரு. வேல போய்டும். வேணாம்னா சொல்லு, இன்னொன்னு எடுக்கறேன்."

அவன் நிமிரவில்லை. கீழே ஜீப்பு திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அடிக்கிற கை நிற்கவில்லை.

"எத்தினியாவது நம்பரு?"

"அறுபத்தேழு."

"துரைக்கண்ணு, முனியன் மவன், கொண்டைப்பாறைன்னு எழுது" என்றான். "பெருசா எழுது. நாலு பேருன்னு எழுதுனானே அந்த ஆபீசரு, அன்னிக்கு அந்தாளு கூட வந்து, களத்தையும் சேத்து எல்லைய காட்டுனவன் நான்தான். அதையும் எழுது."