ஊசித்தும்பிக்கு யார் பெயர்?

இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் ஊசித்தும்பிக்குப் பெயர் வைக்கும் யோகம் 1974இல் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைப் பிடித்தவள் நான். இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டு ஓடையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று நான் வலை வீசியபோது, பூச்சி ஆராய்ச்சியாளரான என் கணவர் விக்னராஜா அட்டைக்குப் பயந்து ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

மேற்படிப்புக்காக மெல்பேர்ண் வந்தபோது தும்பியும் பெட்டியில் எங்களோடு வந்தது. இதுவரை யாரும் எழுதாத இனம் அது என்று இங்கேதான் தெரிந்தது. அன்றே இவரை ஓர் ஆசை பிடித்துக்கொண்டது: தும்பி தன் பெயரோடு பறக்க வேண்டும். ஆனால் பூச்சிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரை எழுதுபவர் யார் பெயரையும் வைக்கலாம். தன் பெயரையே வைத்துக்கொண்டால் எல்லோரும் சிரிப்பார்கள். இன்னொருவர் எழுதி நம் பெயரை வைத்தால்தான் மரியாதை.

ஆகவே, தன் பேராசிரியரிடமே படித்துக்கொண்டிருந்த இந்திரகுமாரை இவர் பிடித்தார். படங்கள், அளவுகள், தும்பி எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தார். ஞாயிறு தவறாமல் அவனுக்கு என் கையால் நண்டுக்கறி. நாங்கள் குடியிருந்த கிளேற்றன் பகுதியின் நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும், தும்பிக்கு இவர் பெயர்தான் என்று செய்தி போய்விட்டது. "நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான். இந்திரகுமார் கேக்கிறானில்லை" என்று பிறந்தநாள் வீடுகளில் தலையைக் குனிந்துகொள்வார். அந்தப் பணிவைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கட்டுரை வெளிவந்தது. இந்திரகுமார் தும்பிக்குப் பேராசிரியரின் பெயரை வைத்திருந்தான். அவனுக்கு நிரந்தர வேலை வேண்டும். அதைக் கொடுக்கக்கூடியவர் அவர்தான். இலங்கையை அந்த மனிதர் வரைபடத்தில் பார்த்ததோடு சரி. இவருக்குக் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி நன்றி. எனக்கு அதுவும் இல்லை.

இவர் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். பிறகு குசினிக்குள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்திரகுமாரில் தொடங்கி அவன் பரம்பரை முழுவதையும் திட்டித் தீர்த்தார். நண்டுக்கறிக்கும் சேர்த்துத் திட்டினார், ஏதோ தானே சமைத்ததுபோல. நான் ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, என்ர பேரை வைச்சிருந்தா கட்டுரையை நீங்களே எழுதியிருக்கலாம். ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டினம். எழுதினவர் எண்டு உங்கட பேரும் பக்கத்தில நிண்டிருக்கும்."

இவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். என் பெயரை வைக்க விருப்பமில்லை என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்க மாட்டேன். அப்படி ஒரு யோசனையே இவருக்கு ஒருநாளும் வரவில்லை. அது முகத்தில் அப்படியே தெரிந்தது. கருகிய ரொட்டியை இவர் தட்டிலேயே போட்டேன்.

அதைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"விமலா, நீர் அண்டைக்கு அந்த ஓடையில வேற ஏதும் பிடிச்சனீரோ?"