சூரியன் குறுக்கே வந்த எட்டு நிமிடம்

வருடத்துக்கு இருமுறை, சில நாட்கள், சூரியன் நம் தேசியச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நின்றுகொள்ளும். அதன் கதிர் இரைச்சலில் பகலில் எட்டு நிமிடம் படமும் வராது, பேச்சும் வராது. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டு நாடு முழுக்க அட்டவணை அனுப்புவது தரைநிலையத்தில் என் வேலை. தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாரும் என்னைத்தான் திட்டுவார்கள்.

அப்படிப்பட்ட நான், என் தங்கை கல்யாணத்தைச் சரியாக அந்த எட்டு நிமிடத்தில் கொண்டுபோய்ச் செருகினேன்.

அப்பாவுக்குத் தூரத்துத் தீவில் வானிலை நிலையத்தில் வேலை. அவரை அழைத்துவர வேண்டிய கப்பல் கடல் கொந்தளிப்பில் நின்றுவிட்டது. தீவுக்குப் பேச செயற்கைக்கோளை விட்டால் வழியில்லை. "அப்பா பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் தங்கை. நான்தான் மார்தட்டிக்கொண்டு, என் அட்டவணையை நானே பார்க்காமல், பதினொன்றரைக்கு இணைப்பு வாங்கினேன்.

பதிவாளர் அலுவலகத் திரையில் அப்பா தலை வாரி, கோட்டு மாட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பதில் வர அரை நொடி ஆகும். அதற்குள் மாப்பிள்ளை அடுத்ததை ஆரம்பித்துவிடுவார். "நீங்க சொல்லுங்க மாமா", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்றே ஐந்து நிமிடம் போனது. தங்கை பேனாவைத் திறந்தாள். திரை கறுத்தது.

நான் பதிவாளரிடம் ஓடினேன். "சூரியன் நகர்ந்துடும் சார், எட்டே நிமிஷம்" என்றேன்.

"வெளியில இன்னொரு ஜோடி காத்திருக்கும்மா" என்றார் பதிவாளர்.

"அப்ப அவங்களை முதல்ல முடிச்சிடுங்க" என்றாள் தங்கை.

"அட்டவணை போட்டது யாருங்க?" என்று மாப்பிள்ளை தெரிந்தே கேட்டார். தங்கைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. எனக்கு மானமே போயிற்று.

அந்த ஜோடிக்கு உறவென்று ஒருவரும் வரவில்லை. சாட்சிக்கு ஆளின்றி விழித்தார்கள். செய்த தப்புக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், எங்கள் மாப்பிள்ளையையும் இழுத்துப் போட வைத்தேன். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டு நிமிரும்போது, படம் வருவதற்கு முன்னால் அப்பாவின் குரல் வந்துவிட்டது.

"அம்மாடி, போட்டுட்டியா? நல்லா இருக்கணும் கண்ணு. சண்டை போடறதா இருந்தா சாப்பிட்டுட்டுப் போடு. எது நடந்தாலும் வீட்டுக்கு வா. அப்பா இருக்கேன்."

நான் திருத்த வாயெடுத்தேன். தங்கை என் கையை அழுத்தமாகக் கிள்ளினாள்.

அந்தப் பெண் ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தாள். "போட்டுட்டேம்பா" என்றாள்.

அரை நொடி கழித்து அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம்தான் படம் வந்தது.

"என்னடி இது, ரெண்டு பொண்ணு தெரியுது?"

"இவங்களுக்கு முடிஞ்சிடுச்சுப்பா. எனக்கு இனிமேதான்" என்றாள் தங்கை.

அந்தப் பெண் முகம் சிவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"நீ எங்கம்மா போற?" என்றார் அப்பா. "உன் தங்கச்சி கல்யாணம் முடிய வேணாமா?"