நியமன நாள்

ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக இரண்டு கல்லூரிகளின் வரலாற்றையும் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மனைவியை இழந்தவனுக்கு மாலை நேரம் நிறைய இருக்கும் என்று முதல்வர் நினைத்திருக்கலாம். இருந்தது.

ஓஷ் நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியும் ஒரே கட்டடம்தான். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் பாட்டு வகுப்பு, இந்தப் பக்கம் கடைசல் இயந்திரம். நான் இந்தப் பக்கம் வரைபடம் சொல்லித்தருகிறேன். என் மனைவி ஜீபெக் அந்தப் பக்கம் கணக்கு எடுத்தாள். போன வசந்தத்தில் சிறுநீரகம் கெட்டு இறந்தாள். எங்கள் மகன் எர்மெக்குக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. நான் தங்கியிருக்கும் ஊழியர் விடுதியில் தனி ஆள் குழந்தையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். உஸ்கென்னிலிருந்து என் மாமியார் வந்து தூக்கிக்கொண்டு போனார்.

வரலாறு என்றாலும் நடந்தது ஒன்றுதான். ஆட்களைச் சேர்த்தார்கள், படிக்கவைத்தார்கள், அனுப்பினார்கள். எங்கள் பையன்கள் சுரங்கத்துக்கும் மின்நிலையத்துக்கும். அந்தப் பக்கத்துப் பெண்கள் மலைப் பள்ளிகளுக்கு. படிப்பு முடிகிற மே மாதத்தில் நியமனக் குழு கூப்பிட்டு ஊரைச் சொல்லும். மூன்று வருடம் அங்கே இருந்தாக வேண்டும். தப்பிக்க வழி நகரத்தில் வேலை பார்க்கும் ஒரு கணவன். அதனால் மே மாதத்தில் திருமணப் பதிவு அலுவலகத்தில் கூட்டம் நெரியும்.

ஆரம்ப காலப் புகைப்படம் ஒன்றில் என் மாமியார் சோனுன் நிற்கிறார். கிழவன் ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்க இருந்த பெண். பஞ்சு வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து கல்லூரிக்கு வந்தவர். அவன் ஆட்கள் சாட்டையோடு வந்தபோது அன்றைய முதல்வர் கதவைத் திறக்கவில்லை. விழாப் பலகையில் முதலில் வர வேண்டிய கதை. மீதியைக் கேட்க உஸ்கென் போனேன்.

தேநீர் ஊற்றியபடியே சொன்னார். படிப்பு முடிந்ததும் அலாய் மலைப் பள்ளத்தாக்குக்கு ஆசிரியராக அனுப்பினார்களாம். அங்கேயே கல்யாணம், ஒரு மகன். குளிர்காலத்தில் கணவாய் மூடிக்கொண்டது. பையனுக்குத் தொண்டை அடைப்பான் நோய். மருத்துவர் வர வழியில்லை.

"மண்ணு கல்லாட்டம் கெடந்துச்சு. நெருப்பு மூட்டி இளக்கித்தான் குழி தோண்டினாங்க. இத எழுத வேணாம், மாப்ள."

எழுதவில்லை என்றேன். அதே மூச்சில் அடுத்ததைச் சொன்னார். ஆசிரியர் பயிற்சி முடிக்கிற இளைய மகள் பூரூலுக்கு இந்த மே மாதம் நியமனம். அலாய் என்று பேச்சு. நான் அவளைப் பதிவு செய்துகொண்டால் அவள் நகரத்திலேயே இருப்பாள், குடும்ப அறை கிடைக்கும், எர்மெக் என்னிடம் வந்துவிடுவான். அக்காள் போன வீட்டுக்குத் தங்கை வருவது எங்களில் எல்லோரும் செய்வதுதான். என் அப்பாவும் சம்மதம் சொல்லியனுப்பியிருந்தார்.

எர்மெக் என் காலணிக்குள் கால் விட்டு நடந்துகொண்டிருந்தான். தலையாட்டினேன். அந்த நாட்களில் எனக்கு எதற்கும் தலையாட்டுவது எளிதாக இருந்தது.

நியமனத்துக்கு முந்தின நாள் பூரூல் என் வகுப்பறைக்கு வந்தாள். வரைபலகை மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன அத்தான், புது மாப்பிள்ளையாமே. தாடிய எடுத்திருக்கலாம்ல?"

நான் அளவுகோலை எடுத்து ஓரமாக வைத்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அக்கா கோட்டப் போட்டுக்கிட்டு, அக்கா கோப்பையில டீ குடிச்சுக்கிட்டு, உங்க எதிர்ல நான் உக்காந்திருக்கணும். நீங்க என்ன நிமிந்துகூட பாக்க மாட்டீங்க. ரெண்டு பேரும் செத்துப்போவோம் அத்தான்."

அலாயில் என்ன நடந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். அந்தப் பள்ளத்தாக்குல பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்தது அம்மாதான். அத அவங்க சொல்லவே மாட்டாங்க, குழிய மட்டும் சொல்வாங்க. இப்ப கணவாய்க்கு லாரி போகுது, ஆஸ்பத்திரி இருக்கு. நானே அலாய் கேக்கப் போறேன். ஆனா நீங்க புருஷன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, குழு அதுக்கு மேல என்னக் கேக்காது."

எர்மெக், என்றேன்.

பலகையிலிருந்து இறங்கினாள். அவனைத் தனக்கும் பிடிக்கும் என்றாள். சித்தியாகத்தான் பிடிக்கும் என்றாள்.

மறுநாள் மாமியார் எர்மெக்கோடு முதல் பேருந்தில் வந்து நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தார். பள்ளி வேலைக்குக் கிடைத்த பதக்கத்தைக் குத்தியிருந்தார். எர்மெக்குக்குப் புதுச் சட்டை. அவனுடைய துணிகளும் ஒரு மூட்டையாக அருகில் இருந்தன. என்னிடம் விட்டுப் போகத்தான் கொண்டுவந்திருந்தார். நான் அந்த மூட்டையைப் பார்த்தேன். பிறகு உள்ளே போனேன்.

பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் குழு. தலைவர் என்னை அறிந்தவர். இரக்கப்படுகிற மனிதர்.

"தோழர் குபாத், விஷயம் கேள்விப்பட்டோம். நல்லதுதான். இன்னிக்கே பதிவு பண்ணிக்கிறீங்கன்னா அலாய அழிச்சுடறேன். என்ன சொல்றீங்க?"

பூரூல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் என் மாணவர்கள் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளை அதிர்ந்தது.

"நான் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்ல," என்றேன்.

தலைவர் பூரூலைப் பார்த்தார். அலாய்தான் வேண்டும் என்றாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

நடைவழியில் மாமியார் என்னைத் திட்டவில்லை. மகள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். அவளிடம், கம்பளிப் பூட்ஸ் இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று காயவே காயாது என்றார். பிறகு துணி மூட்டையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

நான் எர்மெக்கைத் தூக்கக் கை நீட்டினேன். அவர் நடுவில் வந்து நின்றார்.

"ஒருத்தன மலையில வச்சுட்டு வந்தேன். ஒருத்திய உங்க ஊர்ல பொதச்சேன். இன்னிக்கு இவளும் போறா. இவனையும் நான் எப்படிக் குடுப்பேன், மாப்ள?"

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். விடுதியில் குடும்ப அறையும் இல்லை, அறையில் பெண்ணும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

பேருந்து நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். பூரூல் வரவில்லை. அவளுக்கு மருத்துவச் சான்று வாங்க வேண்டியிருந்தது. ஏறும்போது, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பார்த்துவிட்டுப் போங்கள் என்றார் மாமியார். ஜன்னலோரம் உட்கார்ந்து எர்மெக்கின் கையைப் பிடித்து ஆட்டிக்காட்டினார். வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு ஆட்டுவதுபோல அவன் எனக்குக் கை ஆட்டினான்.