நூற்றுக்குப் பதினொன்று

ஸஃபி நகரத்து மத்தி மீன் ஆலையில் பதினாறு வருடமாக நின்றபடியே மீன் தலை கிள்ளி வந்தவள் ஹனியா. தோளில் தொடங்கிய வலி இப்போது குதிகால்வரை குடியேறிவிட்டது. டப்பாவுக்குச் சீட்டு ஒட்டுகிறவர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அங்கே மாற மருத்துவப் பேராசிரியர் லஹ்லூவின் கையெழுத்து வேண்டும். அவரோ டச்சுக்காரர்களோடு சேர்ந்து, தம் நாட்டு நோயாளிக்கா அவர்கள் நாட்டு நோயாளிக்கா உடல் வலியும் மனத்துயரமும் அதிகம் என்று கேள்வித்தாள் வைத்து அளந்துகொண்டிருந்தார். அதில் வலி மதிப்பெண் நூற்றுக்கு நாற்பது தாண்டினால்தான் கையெழுத்து.

அந்தக் கேள்வித்தாளோடு நதா என்ற பெண் வந்தாள். வாயில் வரும் முதல் பதிலை மட்டும் குறிக்க வேண்டும், திருப்பிக் கேட்கக் கூடாது என்பது இரண்டு நாட்டுக்கும் பொது விதி.

"தூக்கமெல்லாம் எப்படிக்கா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

சுழியம். விடியுமுன்பே எழுந்து சுவரில் சாய்ந்து கிடப்பதை ஹனியா அதற்குப் பிறகுதான் சொன்னாள். பிறகு சொல்வதற்குத் தாளில் இடமில்லை. இறைவனுக்கு நன்றி சொல்லாமல் நோயைப் பற்றிப் பேச அந்த ஊரில் எவளுக்கு வாய் வரும்? தூசி உறிஞ்சும் இயந்திரத்தைத் தள்ளச் சிரமமா என்றதற்கு, அது எங்கள் வீட்டில் இல்லையே என்றாள். இல்லாத இயந்திரத்தால் சிரமமும் இல்லை என்று பதிவாயிற்று. மனசு கஷ்டமா என்றதற்குத் துணைக்கு வந்த மாமியாரே முந்திக்கொண்டார்: "எங்க வீட்ல அவளுக்கு என்ன கொறச்சல்?"

மொத்தம் பதினொன்று. டச்சுப் பெண்களின் சராசரி அறுபத்திரண்டு.

நம் பெண்களின் மனஉறுதிக்கு முன்னால் வலியே தோற்றுவிட்டது என்று ஆய்வு முடிவை அறிவிக்கக் கூடிய ஓட்டல் மண்டபத்தில் புதினாத் தேநீருக்கு நடுவே பேராசிரியர் முழங்கினார். சாட்சிக்கு ஹனியாவை மேடையேற்றி, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை என்று அவள் ஒரு வாரமாக, 'வலிக்குது டாக்டர், நிக்க முடியல' என்று கண்ணாடி முன் பழகியிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கே?"

முன்வரிசையில் மாமியாரும் ஆலை மேலாளரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"அல்ஹம்துலில்லாஹ். ஆனா டாக்டர்..."

மிச்சம் கைதட்டலில் போய்விட்டது.

திங்கட்கிழமை மீன் மேசைக்கு எதிர்ச்சுவரில், மேடையில் அவளை எடுத்த புகைப்படத்தை மேலாளர் பெரிதாக்கி மாட்டியிருந்தார். நின்றபடியே தலை கிள்ளிக்கொண்டு ஹனியா அதைப் பார்த்தாள். படத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.