செயினை வெட்டலாமா?

ஈஸ்வரமூர்த்தி தன் மனைவியோடு பேசி எழுபத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. ஆனால் அந்த எழுபத்து நான்கு நாட்களில் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்காமல் அவர் ஒருவேளைச் சோறுகூடச் சாப்பிட்டதில்லை.

ராதா ஆப்பிரிக்காவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். நைரோபியில் ஏறி உட்கார்ந்தவள் தான்சானியாவைக் கடந்து, சாம்பியாவுக்குள் நுழைந்து, விக்டோரியா அருவியைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன் என்று கிளம்பியிருந்தாள். ஐம்பத்தோரு வயது. சிட்னியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னதற்குப் பரமட்டாவில் பெண்கள் சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்தாள். முதலில் பக்கத்து ஹோம்புஷ் வரை போனாள், பிறகு எண்பது கிலோமீட்டர் தள்ளி வொலங்காங் வரை போனாள். அப்போதே தடுத்திருக்க வேண்டும் என்பது ஈஸ்வரமூர்த்தியின் கட்சி.

சண்டை விடுமுறையில் ஆரம்பித்தது. பதினைந்து வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்ததற்கு அவளுக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. ஈரோட்டுக்குப் போய்ச் சொந்தபந்தம் அத்தனை பேர் வீட்டிலும் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று அவர் பட்டியலே போட்டுவிட்டார்.

"பதினஞ்சு வருசமா எல்லா லீவும் அப்படித்தானுங்களே போச்சு. இந்த ஒண்ணு எனக்குங்க" என்றாள் ராதா.

"ஊரு பேரு தெரியாத ரோட்டுல சைக்கிள் உடைஞ்சா யாரு வருவா?"

"யாராச்சும் வருவாங்க."

அந்த 'யாராச்சும்'தான் அவரை உசுப்பிவிட்டது. ரயில்வே சிக்னல் பிரிவில் இன்ஜினியர். எந்த ஒயர் எங்கே போகிறது என்று எழுதி ஒட்டாமல் ஒரு பெட்டியை மூடாத மனிதர். 'யாராச்சும்' என்பதை நம்பி எந்த ரயிலும் ஓடுவதில்லை.

"அப்படின்னா உடைஞ்சா அந்த யாராச்சுக்கே போன் பண்ணிக்க. எனக்குப் பண்ணாத" என்று சொல்லிவிட்டார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர், விமான நிலையத்துக்கும் போகவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், ராதா குளித்துக்கொண்டிருந்தபோது கராஜுக்குப் போய், அட்டைப் பெட்டியில் பாதி கட்டியிருந்த அந்த நீலச் சைக்கிளின் அடிவயிற்றில் ஒரு லேபிள் ஒட்டினார். வீட்டில் ரசப்பொடி டப்பா முதல் புல்வெட்டும் மெஷின் வரை அவருடைய லேபிள் மெஷின் கைபடாத சாமான் கிடையாது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: உரிமையாளர், ஈ. மூர்த்தி, கீழே போன் நம்பர். ஆங்கிலத்தில் அதையே அடித்து, நம்பருக்கு முன்னால் நாட்டுக் குறியீட்டையும் சேர்த்தார். ஒட்டின பிறகுதான் கவனித்தார். தண்ணீருக்குத் தாங்கும் ரோல் தீர்ந்துபோய், மசாலா டப்பாவுக்குப் போடும் காகித ரோல் உள்ளே இருந்திருக்கிறது. ஒரு மழைக்குத் தாங்காது. அதற்குள் குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டார்.

அதன்பின் பேச்சு மகள் வழியாகத்தான். வர்ஷா மெல்போர்னில், டார்னெய்ட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவையும் அப்பாவையும் ஒரே அழைப்பில் போட்டுவிடுவாள். மூன்று பேருக்கும் மூன்று பேர் குரலும் கேட்கும். ஆனாலும் ஈஸ்வரமூர்த்தி, "உங்கம்மாகிட்டச் சொல்லு, பின் டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா வெக்கச் சொல்லு" என்பார். "உங்கப்பாகிட்டச் சொல்லு, வெச்சாச்சுன்னு" என்பாள் ராதா.

"நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்பாள் வர்ஷா.

அவள்தான் அம்மாவின் கைப்பையில் ஒரு சின்னக் கருவியைக் கட்டிவிட்டிருந்தாள். அது செயற்கைக்கோள் வழியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். சைக்கிள் குழுவிலிருந்து கூடப் போன மிருணாளினி முட்டி வலியோடு தான்சானியாவிலேயே திரும்பிவிட்ட பிறகு, ராதாவுக்குத் துணை அந்தப் புள்ளிதான் என்று ஈஸ்வரமூர்த்தி நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் புள்ளி நின்றது. சாம்பியாவில் செரெஞ்சே என்ற ஊருக்கு வடக்கே, காட்டு நடுவில், வெறும் ரோட்டில். சார்ஜ் போயிருக்கும் என்றார் முதலில். வெள்ளிக்கிழமை முழுக்கப் புள்ளி அசையவில்லை, ராதாவின் போனுக்கும் லைன் கிடைக்கவில்லை. அரசாங்கத்தின் அவசர எண்ணில் பேசியவர்கள் பொறுமையாக எல்லாம் குறித்துக்கொண்டார்கள், அங்குள்ளவர்களுக்குத் தெரிவிக்கிறோம் என்றார்கள். சனிக்கிழமை காலை முதல் விமானத்தில் வர்ஷா சிட்னிக்கு வந்து இறங்கினாள்.

மத்தியானம், வீட்டில் பால்கூட இல்லை என்று ஈஸ்வரமூர்த்தி பென்டில் ஹில் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் அனோஜன் யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். ராதா கோயம்புத்தூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று இந்த அனோஜனிடம் இரண்டு மாதமாகச் சொல்லி வைத்திருந்தார்.

"அண்ணை, அக்கா மூண்டு நாளா படம் ஒண்டும் போடேல்லை. சுகமா இருக்கிறாவோ?"

"என்ன படம்?"

"சைக்கிள் படம்தான். சாம்பியாவில எல்லோ நிக்கிறா? நாங்கள் கடையில எல்லாரும் ஒவ்வொரு நாளும் போனில பாக்கிறனாங்கள். என்ர மனுசி அக்காவைப் பாத்துத்தான் இப்ப தானும் சைக்கிள் வேணுமெண்டு நிக்கிறா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர், அந்தச் சோற்றைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் அறிந்தார். வேறொரு நாளாக இருந்தால் கூசிப்போயிருப்பார். அன்று அதற்கும் தெம்பில்லை.

"தெரியலைங்க. ரெண்டு நாளா ஒரு தகவலும் இல்லை" என்று உண்மையைச் சொன்னார்.

அனோஜன் பாலுக்குக் காசு வாங்கவில்லை. கல்லாவை விட்டு எழுந்து வந்து, "ஒண்டும் நடந்திருக்காது அண்ணை" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் சோபாவில் உட்கார்ந்து, போனை முழங்காலில் வைத்துக்கொண்டார். மகளிடம் கேட்கத் துணிவில்லாத ஒரு கேள்வி அவரை அரித்தது. கடைசியில் கேட்டேவிட்டார்.

"வர்ஷா, உங்கம்மா ரோஷக்காரி. நான் போன் பண்ணாதன்னு சொன்னனே. அதனாலதான் எங்கயோ உடைஞ்சு உக்காந்துட்டு, பண்ணாம இருக்கறாளோ?"

"அப்பா, அவங்க நம்பர் எல்லாம் போன்லதான் இருக்கும். போன் போச்சுன்னா என் நம்பர்கூட அவங்களுக்குத் தெரியாது."

"என் நம்பர் தெரியும். இருவது வருசமா ஒரே நம்பரு."

அவருக்கு அழுகை வந்தது. அடக்காமல் அழுதார். மகள் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பர் என்றாலே மோசடிக்காரன் என்று வெட்டிவிடுவது அவர் வழக்கம், கட்டைவிரல் பழக்கதோஷத்தில் சிவப்புப் பக்கம் போயேவிட்டது. வர்ஷா பாய்ந்து பச்சையை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ, நீங்கள் ஈ. மூர்த்தியா?" பெண் குரல். நிறுத்தி நிதானமான ஆங்கிலம்.

"ஆமா."

"என் பெயர் முலெங்கா. உங்கள் சைக்கிள் என்னிடம் இருக்கிறது."

சைக்கிள் இருக்கிறது என்றால்? ராதா?

"நீலச் சைக்கிள்" என்று அந்தக் குரல் தொடர்ந்தது. "எங்கள் கடை முன்னால் தலைகீழாக நிற்கிறது. பின்னால் கியர் மாற்றும் பாகம் ஒடிந்து சக்கரத்துக்குள் போய், மூன்று கம்பிகளைத் தின்றுவிட்டது. கம்பி நான் போட்டுவிட்டேன். எங்கள் ஊர்க் கம்பி நீளம், வெட்டி வளைத்துப் போட்டிருக்கிறேன். கியர் இனி உதவாது. செயினை வெட்டி, ஒரே பல்சக்கரத்தில் ஓடும்படி செய்ய வேண்டும். ஆனால் சொந்தக்காரரைக் கேட்காமல் நான் எதையும் வெட்ட மாட்டேன். திருப்பிப் போட்டபோது உங்கள் பெயரைப் பார்த்தேன். செயினை வெட்டலாமா?"

"அதை ஓட்டிட்டு வந்தவங்க? அவங்க எங்கே?"

"கொஞ்சம் இருங்கள், கோழி வந்துவிட்டது." எதையோ விரட்டும் சத்தம். அந்தச் சில விநாடிகளில் ஈஸ்வரமூர்த்தி தனக்குத் தெரிந்த அத்தனை சாமிகளையும் கூப்பிட்டார். "அந்த அம்மாவா? உள்ளே என் தங்கையோடு சோளமாவுக் களி கிண்டிக்கொண்டிருக்கிறார். சரியாகவே கிண்டவில்லை. ஒரே கட்டி."

போன உயிர் திரும்பி வந்தது. ஈஸ்வரமூர்த்தி சோபாவில் சாய்ந்து சிரித்தார், சிரிப்போடு சிரிப்பாக மறுபடியும் அழுதார். வர்ஷா தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். களி கட்டி தட்டியது என்ற செய்தி எந்தக் குடும்பத்திலும் இவ்வளவு சந்தோஷத்தைக் கொண்டுவந்திருக்காது.

முலெங்கா மீதியையும் சொன்னாள். விழுந்த இடத்தில் ராதாவின் கைப்பை ரோட்டில் தெறிக்க, லாரி ஒன்று அதன்மேல் ஏறிப் போனது. போன் தூள். சைக்கிளில் கரி மூட்டை ஏற்றி வந்த இரண்டு பேர், மூட்டைகளை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, ராதாவை ஒரு சைக்கிளிலும் உடைந்த சைக்கிளை இன்னொன்றிலும் ஏற்றி ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு நான்கு தையல். இரண்டு நாளும் முலெங்காவின் கட்டிலில் ராதா, பாயில் முலெங்கா.

"அவங்ககிட்டச் சொல்லுங்க, முழங்காலை மடக்காம வெக்கச் சொல்லுங்க. தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க. அப்புறம் அவங்ககிட்ட…"

"ஐயா" என்றாள் முலெங்கா. "என் கை முழுக்க கிரீஸ். செரெஞ்சேயில் பாதிப் பேர் சைக்கிள் எனக்காகக் காத்திருக்கிறது. நீங்களே சொல்லுங்கள்."

போன் கை மாறும் கரகரப்பு. ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். வர்ஷா எழுந்து சமையலறைக்குப் போனாள். போஸ்ட் ஆபீஸ் மூடிவிட்டது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

"ஏனுங்க" என்றாள் ராதா.

எழுபத்து நான்கு நாளாக அந்த வீட்டில் கேட்காத சொல்.

"ராதா, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. உடைஞ்சா எனக்குத்தான் போன் பண்ணோணும். மொதல்ல எனக்குத்தான்."

"நேத்து இவங்க போன்ல உங்க நம்பரைப் போட்டனுங்க. கடைசி நம்பர் அமுக்கறப்ப ரோஷம் வந்துருச்சு. வர்ஷா கட்டிவிட்ட பெட்டியில பச்சை லைட்டு எரிஞ்சுட்டுத்தான் இருக்குது, நான் இங்க இருக்கறது வரைபடத்துல தெரியும், பத்திரமாத்தான் இருக்கேன்னு நெனச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

"லாரி ஏறுனதுல அது செத்துப்போச்சு, புள்ளி நகரவே இல்லை. லைட்டு மட்டும்தான் எரியுது."

"அய்யோ! ரெண்டு நாளா பயந்துட்டீங்களா?"

"பயந்துட்டேன்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. அதைச் சொல்வது அவர் நினைத்திருந்த அளவு கஷ்டமாக இல்லை. "யாராச்சும் வருவாங்கன்னு சொன்ன. வந்துட்டாங்க."

தூரத்திலிருந்து முலெங்காவின் குரல் கேட்டது. "ஐயா, வெட்டலாமா, கூடாதா? உரிமையாளர் இன்னும் சொல்லவில்லையே."

"உரிமையாளர் அங்கதான் இருக்காங்க. அவங்களைக் கேளுங்க" என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார். லேபிளில் வேறு பெயர் இருக்கிறதே என்றாள் முலெங்கா. லேபிள் தப்பு என்றார் ஈஸ்வரமூர்த்தி. லேபிள் தப்பு என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை, சமையலறையிலிருந்து வர்ஷா எட்டிப் பார்த்தாள்.

"வெட்டுங்க" என்றாள் ராதா. டக்கென்று செயின் அறுபடும் சத்தம் பென்டில் ஹில் வரை கேட்டது. முழங்கால் ஆறியதும் ஒரே கியரில் மெதுவாகத் தலைநகர் லுசாக்கா வரை போய்விடலாம், அங்கே புதுசு மாட்டிக்கொண்டு அருவி வரைக்கும் போவேன் என்றாள். போ என்றார் அவர்.

அப்போதுதான் இன்ஜினியருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ராதா, அந்த லேபிள் காகிதமாச்சே. ஒரு மழைக்குத் தாங்காது. அந்தம்மா எப்படிப் படிச்சாங்க?"

"நைரோபில பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே பாத்துட்டனுங்க" என்றாள். "மேல செல்லோ டேப் ஒட்டுனேன். டேப் கிளம்புறப்ப எல்லாம் புதுசு ஒட்டுவேன். இதுவரைக்கும் நாலு தடவை மாத்தியாச்சு."

சாம்பியாவில் கோழி கத்தியது. சிட்னியில் வர்ஷா பாலை அடுப்பில் ஏற்றினாள்.

"ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கறேன்" என்றார் ஈஸ்வரமூர்த்தி.