மெத்தைக்கடை அண்ணாவின் மகள்

கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனை செய்வதில் வாலுவின் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. கண் மூடித்தான் இருக்கும். ஆனால் எதிரே ஸ்டாண்டில் நிற்கும் ஃபோன் ஒரு இம்மி சாய்ந்தால் போதும், கை தானாகப் போய் அதை நிமிர்த்திவிடும். அவருக்கு மெத்தைக்கடை. காலையில் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, இருப்பதிலேயே பெரிய கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து லைவ் போடுவார். "மனசுல பாரமா இருக்கா? இங்க இறக்கி வைங்க. கடவுள் பாத்துக்குவாரு" என்று குரல் தழுதழுக்கும். பிரார்த்தனை முடிந்து மூச்சு விடுவதற்குள், முதுகுவலிக்காரர்களுக்கு எந்த மெத்தை நல்லது என்ற விவரமும் கடை நம்பரும் வந்துவிடும். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அவர் 'மெத்தைக்கடை அண்ணா'.

விவாகரத்தைக்கூட மனிதர் வீணாக்கவில்லை. 'காயம்பட்ட ஒரு தகப்பனின் விண்ணப்பம்' என்று அதற்கும் ஒரு தலைப்பு வைத்தார். வாலுவின் பிறந்தநாளன்று, அவளைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் பழைய படத்தைப் போட்டு, 'கடவுள் எனக்குக் கொடுத்த பரிசு' என்று உருகியிருந்தார். அந்தப் பரிசுக்கு ஒரு ஃபோன் போட மட்டும் மறந்துபோனார். பள்ளிக்கூடத்தில் தோழிகள் அந்தப் படத்தைக் காட்டி, "உங்கப்பாவுக்கு எவ்ளோ பாசம்டி!" என்றபோது வாலு தலையை ஆட்டிவைத்தாள். வேறென்ன செய்வாள்? வாலு என்பது சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வாங்கிய பெயர். பதினைந்து வயதில் சேட்டையெல்லாம் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது.

அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. ஒருநாள் சாயங்காலம் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, கரண்ட் பில் கட்டியாச்சு என்று சொல்கிற மாதிரி ஒரு குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

"மார்ல ஒரு கட்டி. அந்தப் பக்கத்தையே எடுத்துடணுமாம். செவ்வாய்க்கிழமை சேர்ந்துக்கச் சொல்லியிருக்காங்க."

அம்மா வாலுவின் சீருடையை மடித்து மேலே வைத்தாள்.

"பெரியம்மா வீட்டுலேர்ந்து நீ பரீட்சைக்கு வந்து போக முடியாது. நான் வர்ற வரைக்கும் அப்பா வீட்டுல இரு. எனக்கு வெளியூர்ல ட்ரெயினிங்னு சொல்லு. நிஜம் மட்டும் அந்தாளு காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா ஊரைக் கூட்டிடுவாரு."

"நான் சொல்ல மாட்டேம்மா."

"நான் திரும்பப் போய் அதே கவுன்டர்ல நிக்கணும்டி. மாத்திரை வாங்க வர்றவங்க என் மூஞ்சியைப் பாத்துப் பேசணும். புரியுதா?"

புரிந்தது. சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினாள். அன்றைக்கே அப்பாவுக்கு ஃபோன் செய்து ட்ரெயினிங் கதையைச் சொன்னாள். "வீட்டுல பெயிண்ட் வேலை ஓடுது பாப்பா. பாப்போம், கடவுள் ஒரு வழி காட்டுவாரு" என்றார். தான் செய்ய விரும்பாத வேலைகளை எல்லாம் அவர் கடவுள் தலையில் கட்டுவது வழக்கம்.

சனிக்கிழமை வாலு கடைக்கே போய் நின்றாள். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "வா வா, நல்ல நேரத்துக்கு வந்த. உன்னைக் கேக்காதவங்க கிடையாது. இன்னிக்கு நீயும் கூட உக்காரு" என்று சீப்பை எடுத்து நீட்டினார். கடை நிறையக் கட்டில்கள், ஆளுயரத்துக்கு அடுக்கிய மெத்தைகள். இத்தனை மெத்தைகளுக்கு நடுவில் தனக்குப் படுக்க ஓர் இடம் இல்லை என்று நினைத்ததும் அவளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"அம்மாவுக்கு ஆபரேஷன்ப்பா. மார்ல. எனக்குப் பயமா இருக்கு. என்னை உங்க வீட்டுல வச்சுக்கோங்கப்பா."

அவர் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவரும் அழுதார். பொய்யழுகை என்று சொல்ல மனம் வரவில்லை, நிஜமாகவே அழுதார். வாலுவுக்கு, அவர் பிரிந்துபோன இந்த நாலு வருஷத்தில் முதல்முறையாக அப்பா கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"தங்குறதுதான் கொஞ்சம் கஷ்டம், பாப்பா" என்று அவள் தலைக்கு மேலிருந்து குரல் வந்தது. "ஆனா எத்தனை பேர் நமக்காகப் பிரார்த்தனை பண்ணுவாங்க தெரியுமா? இப்ப சொன்னதை அப்படியே லைவ்ல சொல்லு. நாம ஒண்ணும் பொய் சொல்லப் போறதில்லையே."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைக்கப் போனாள்.

"கண்ணைத் துடைக்காத" என்றார் அப்பா. "இந்தப் பக்கம் வா, அங்க இருட்டா இருக்கு."

வாலுவுக்குள் ஏதோ ஒன்று அணைந்துபோனது. அந்த இடத்திலேயே அவளுக்கு ஒரு கணக்கும் புரிந்தது. இவர் என்னிடம் முடியாது என்று சொல்வார். கடவுளிடம்கூடச் சொல்வார். அந்த ஃபோனுக்கு முன்னால் மட்டும் சொல்ல மாட்டார். அம்மா எப்போதோ தன் ஃபோனில் அப்பாவின் பக்கம் வராதபடி முடக்கிவிட்டாள், அவளுக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வெளிச்சம் விழுந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

சொன்னாள். அம்மாவின் மார்பைச் சொன்னாள், கட்டியைச் சொன்னாள், பயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அதுவும் நிஜ அழுகைதான். கடைசியில் கைகூப்பி, "அம்மா குணமாகி வர்ற வரைக்கும் என்னைத் தன் வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறேன்னு சொன்ன எங்கப்பாவுக்காக உங்களுக்கு நன்றி, கடவுளே" என்றாள்.

மூடியிருந்த அப்பாவின் கண்ணில் ஒன்று லேசாகத் திறந்து மூடியது. திரையில் இதயங்கள் குபுகுபுவென்று மேலே ஏறின. "நிச்சயமா பாப்பா, நிச்சயமா" என்றார் மெத்தைக்கடை அண்ணா. அன்றைக்கு மெத்தையைப் பற்றிப் பேச மறந்துவிட்டார்.

அப்பா வீட்டில் பெயிண்ட் அடித்த சுவடே இல்லை. கூடத்தில் கடை மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "கவரைப் பிரிச்சுடாத. திரும்ப விக்கணும்" என்றார். புரண்டு படுத்தால் போதும், பிளாஸ்டிக் சரசரத்தது. அவள் அதில் படுத்திருக்கும் படம் மறுநாள் காலையில் 'தகப்பன் நிழலில்' என்று வெளியானது. இப்படி ஓர் அப்பா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று யார் யாரோ எழுதினார்கள்.

ஆபரேஷன் முடிந்து, அம்மாவைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, அப்பா அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். கட்டடம் பின்னால் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டார். உள்ளே வர அவருக்கு நேரமில்லை.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. ஊசி போட வந்த நர்ஸ் வாலுவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீதானே மெத்தைக்கடை அண்ணா பொண்ணு? அன்னிக்கு நீ பேசினதைக் கேட்டு நானும் அழுதுட்டேம்மா. உங்கம்மா ஃபோன்ல உன் படத்தைப் பாத்ததும் அவங்ககிட்டயும் சொன்னேன், தங்கமான பொண்ணுன்னு."

நர்ஸ் போனபிறகும் அம்மா திரும்பவில்லை.

"காலையில மருந்துக்கடையிலேர்ந்து ஃபோன் பண்ணாங்க" என்றாள். "வர்றவங்க எல்லாம் விசாரிக்கிறாங்களாம். எந்தப் பக்கம்னு ஒருத்தர் கேட்டாராம்."

"அம்மா... அப்பாதான் பேசச் சொன்னாரும்மா."

அது உண்மை. ஆனால் அரைகுறை உண்மை. தங்க ஓர் இடம் கிடைக்கத்தான் பேசினாள் என்ற மீதியை விழுங்கிக்கொண்டாள். அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் தேவலை என்றிருந்தது வாலுவுக்கு. அம்மாவின் கண்ணில் கோபமே இல்லை.

"நல்லா அழுதியாமே" என்றாள் அம்மா.

வாலுவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். அம்மா அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், கடையில் யாராவது நீட்டும் பெரிய நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அதே பார்வை. பிறகு, அசைக்க முடிந்த கையால் போர்வையின் நுனியை அவள் பக்கம் தள்ளினாள்.

"கண்ணைத் துடைச்சுக்கோ. இங்க யாரும் பாக்கல."

இது நிஜம் அம்மா என்று சொல்லத் துடித்தாள் வாலு. ஆனால் அன்றைக்கு அழுததும் நிஜம்தான். போர்வை நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.