குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர்

“குளத்துக்குக் கீழை மூண்டு ஏக்கர் வயல் இருக்கு.”

“குளத்துக்குக் கீழையோ? அப்ப சுழியோடியே விதைக்கிறியள்?”

பெண் பார்க்க வந்த தில்லைநாதனிடம் விமலேஸ்வரி இப்படித்தான் கேட்டாள். அவன் சொன்னது குளத்து நீர் பாய்கிற வயலை, அவள் எடுத்துக்கொண்டது தண்ணீருக்கு அடியில் என்று. கொக்குவிலில் அவள் அறிந்த குளம், மாடு குளிப்பாட்டுகிற ஒரு பள்ளம், பங்குனியில் வற்றிவிடும். எல்லாரும் சிரித்தார்கள். தில்லைநாதன் மட்டும் சிரிக்காமல், வன்னியில் உங்கள் மகளுக்குத் தண்ணீர்க் கஷ்டமே வராது என்று அவள் தகப்பனிடம் சொன்னான். அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் பெண்ணைக் கொடுத்தார்.

அது ஐம்பத்திரண்டில். ஏழு வருடமாக அவள் குடத்தோடு அரை மைல் நடந்து அயலவர் ஆதம்பாவா நானாவின் கிணற்றுக்குப் போகிறாள். வாய்க்கால் தண்ணீர் வயலுக்கும் குளிப்புக்கும் சரி. குடித்தால் வயிற்றைப் பிடிக்கும். வீட்டு வளவில் ஒரு கிணறு வேண்டும். ஆனால் கேட்டால், மாமனாருக்குக் கொடுத்த வாக்குப் பொய்த்துவிட்டதாக நினைத்து அவன் குன்றிப்போவான். அதனால் வாயைத் திறக்கவில்லை.

ஆவணியில் நீர்ப்பாசனப் பகுதிக் கிளாக்கர் ஒருவர் சைக்கிளில் வந்தார். குளம் என்ற சொல்லின் பொருளையும், வீட்டுக்கு வீடு குடிதண்ணீர் எங்கிருந்து என்பதையும் விசாரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். கூரைமேல் வைக்கிற இரும்புத் தொட்டிக்கும் இந்தப் பெரிய குளத்துக்கும் ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்று ஒரே சொல் என்பதால் கந்தோர்க் கோப்புகளில் குழப்பம்.

தில்லைநாதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் குளம் என்றால் தோண்டியது. இங்கே இரண்டு மேட்டுக்கு நடுவில் கட்டுப் போட்டு, ஓடுகிற தண்ணீரை மறித்தது என்றான். சொல் எங்கிருந்து பிறந்தது என்பது தனக்குத் தெரியாது. ஆனால் கட்டினவன் பெயரோ பக்கத்தில் நின்ற மரத்தின் பெயரோ முன்னால் சேர்ந்ததும் அதுவே ஊராகிவிடும்.

“இஞ்சை ஆக்களிட்டை ஊரைக் கேட்டால் குளத்தைத்தான் சொல்லுவினம்.”

விமலேஸ்வரி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கிளாக்கர் குடித்துவிட்டு, நல்ல தண்ணீர், குளத்துத் தண்ணீரா என்று கேட்டார்.

“ஓம், கிணத்திலை ஊறுறதும் குளத்துத் தண்ணிதானே,” என்றான் தில்லைநாதன்.

“அப்ப குடிதண்ணிக்கு வீட்டுக் கிணறு எண்டு போடுறன்.”

தில்லைநாதன் மறுக்கவில்லை, வாசற் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். இல்லாத கிணறு கடதாசியில் ஏறிவிட்டால் இனி அதை வெட்டச் சொல்லிக் கேட்பது எப்படி என்று விமலேஸ்வரிக்குத் தோன்றியது.

“பொறுங்கோ தம்பி, எழுதாதேங்கோ,” என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். “இஞ்சேருங்கோ, மாரிக்கு முதல் வளவுக்கை எனக்கொரு கிணறு வெட்டித் தாங்கோ.”